பதில் சொல்ல விடப்படாதவள்

குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கப்பட்ட திங்கட்கிழமையன்று, ஒருரோ நகரத்திலிருந்து வந்த பேருந்து என்னையும் என் மகள் நைராவையும் வில்லா காந்தேலாரியா என்ற சுரங்க ஊரின் சதுக்கத்தில் இறக்கிவிட்டு, புழுதியைக் கிளப்பியவாறு திரும்பிச் சென்றது. எங்களிடம் இரண்டு பெட்டிகளும் ஓர் அடுப்பும் எனது பணி நியமன ஆணையும் இருந்தன. அவ்வூர் மேல்நிலைப் பள்ளியின் மாணவர் கண்காணிப்பாளராக நான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. வகுப்பு வகுப்பாகச் சென்று பெயர்களை அழைத்து வருகையைப் பதிவதும், தாமதமாக வருவோரை வாசலில் நிறுத்தி விசாரிப்பதும் அப்பதவியின் கடமைகள்.

பள்ளிக் கட்டடம், தகரத்துக்கு விலை இருந்த காலத்தில் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. உயர்ந்த கூரை, நீண்ட நடைவழி, மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைக்கப்பட்ட மரத்தளம். அந்த வாசனையோடு ஈரக் கம்பளியின் வாடையும் சுண்ணக்கட்டியின் பொடியும் கலந்து காற்றில் தங்கியிருந்தன. பின்புறச் சன்னல்களின் வழியே சுரங்கக் கழிவுமேடுகள் தெரிந்தன. சாம்பல் நிறமாக, ஒரு புல்லும் முளைக்காமல், அவை ஊரைக் குனிந்து பார்த்தவாறு நின்றன.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் திங்கட்கிழமைக் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. கொடிப்பாட்டு முடிந்ததும், தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சுரங்கத்தில் மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். ஒவ்வொரு பெயரையும் மும்முறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் முற்றம் முழுவதும் ஒரே குரலில் விடை கூறியது.

"உள்ளேன்."

மாண்டவனால் விடை கூற இயலாது. ஆகவே உயிரோடிருப்பவர்கள் அவனுக்காகக் கூறுகிறார்கள். என் தந்தையின் பெயருக்கு நானும் சிறுவயதில் இவ்வாறே விடை கூறியிருக்கிறேன். மூன்றாம் முறை விடை கூறப்பட்ட பின்னரே ஒருவன் முழுமையாக இறந்தவனாகிறான் என்பது எங்கள் சுரங்க ஊர்களின் நம்பிக்கை.

தலைமையாசிரியர் தெயோதோசியோ உகார்தே, வருகைப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதினொண்ணாம் வகுப்புல, சுவரோரமா ஒரு பெஞ்ச் காலியா இருக்கும். அதை எடுக்க வேண்டாம், ரெமெதியோஸ் அம்மா. பதிவேட்டுல ஒரு பேர் அடிச்சிருக்கும். அதைத் தாண்டிப் படிச்சிருங்க."

"இறந்துபோன பிள்ளையா, ஐயா?"

"சுல்மா வராச்சி. மழைக்காலத்துல கழிவுமேட்டுப் பக்கம் நடந்த விபத்து. பள்ளிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் பாதியில போயிட்டார்?"

"காதுல ஏதோ கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு" என்று கூறிவிட்டு, அவர் வேறு கோப்பைத் திறந்தார்.

மறுநாட் காலை, நைரா சேர்ந்திருந்த அதே பதினொன்றாம் வகுப்பை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தேன். நடைவழியின் திருப்பத்தில் அகன்ற தோள்களையுடைய ஒரு மாணவன் எனக்காகக் காத்திருந்தான். குரோவர் தெர்ராசாஸ் என்று தன் பெயரைக் கூறினான். எவர் குரலிலும் பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பவன் என்று முதல்நாள் மாலையே நைரா வியப்போடு என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று அவன் தன் சொந்தக் குரலில், காதருகே வந்து, கிசுகிசுத்தான்.

"டீச்சர், ஒரு உதவி. என் பேரை மட்டும் கூப்பிடாதீங்க."

"ஏன்? சுவரேறிக் குதிச்சு ஓடப் போறியா?"

"இல்ல டீச்சர். முதல் வரிசையிலேயே உக்காந்துக்கறேன். பாத்து டிக் போட்டுக்குங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ ஆயிருச்சு."

"என்ன ரெண்டு தடவ?"

அவன் உதடுகள் குளிரில் வெடித்திருந்தன. மாணவர்களின் தந்திரங்கள் அனைத்தையும் அறிந்தவள் என்ற பெருமிதம் எனக்கு அப்போது இருந்தது. அவனை உள்ளே போகச் சொன்னேன்.

பெயர்களை அழைக்கத் தொடங்கினேன். நைராவின் "உள்ளேன்" கோயில் மணியைப் போலத் தெளிவாக ஒலித்தது. அடிக்கப்பட்டிருந்த பெயர் பட்டியலின் கடைசியில் கண்ணில் பட்டது. அதற்கு முன் அவனுடைய முறை வந்தது.

"குரோவர் தெர்ராசாஸ்."

சன்னல்களுக்கு வெளியே காற்று நின்றது.

"உ... உ... உள்ளேன்."

அது ஒரு பெண்ணின் குரல். கரகரப்பாக, தொண்டையில் மண் அடைத்ததைப் போல, திக்கித் திக்கி வந்தது. சுவரோரமாக இருந்த காலிப் பெஞ்சின் திசையிலிருந்து வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

முப்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இத்தகைய ஒரு குறும்புக்கு எவரும் சிரிக்காமல் இருந்ததே என்னை முதலில் அச்சுறுத்தியது.

"யாரு அது? எந்திரிங்க."

முன்வரிசையிலிருந்த யெனி என்ற பெண், மேசையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். "எங்கள்ல யாரும் இல்ல டீச்சர்."

குரோவர் எழுந்து நின்றிருந்தான். அவன் வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒலி ஏதும் வெளிவரவில்லை. தன் தொண்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான்தான் உங்களிடம் முன்பே சொன்னேனே என்றது அது.

ஒருரோ மருத்துவமனையில் அவன் தொண்டையில் எந்தக் குறையும் காணப்படவில்லை. அவன் அதன்பின் பேசவேயில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் பெயர்களை அழைத்தேன். வேறொன்றும் நிகழவில்லை. என் அறிவு எனக்கு ஏற்ற விளக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனால், பள்ளி வாசலில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கும் சபினா என்பவள்தான் சுல்மாவின் தாய் என்று அறிந்த நாளில், என் கால்கள் தாமாகவே அவளுடைய தள்ளுவண்டியின் முன் சென்று நின்றன.

"உக்காருங்க டீச்சர். ஒரு கிண்ணம் ஊத்தறேன்" என்றாள் அவள். பிறகு, நான் கேட்காமலேயே, "குரோவர் பையனுக்குக் குரல் போயிருச்சாமே" என்றாள்.

"உங்க பொண்ணைப் பத்திக் கேக்கலாமா, அக்கா?"

அவள் கஞ்சியைக் கிளறிக்கொண்டே பேசினாள்.

"அவளுக்குத் திக்கும். ஆனா நின்னு கேட்டா பேசிருவா. வீட்டுல பாட்டே பாடுவா. இங்கதான் யாரும் நிக்கல. பேரைக் கூப்பிட்டதும் இவ 'உ...'ன்னு ஆரம்பிப்பா. அதுக்குள்ள அந்தப் பையன் அவ குரல்லயே சொல்லி முடிச்சிருவான். கிளாஸே சிரிக்கும். வாத்தியாருங்களும் நேரம் மிச்சம்னு டிக் போட்டுட்டுப் போயிருவாங்க. உசுரோட இருக்கற பிள்ளைக்கு, செத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி இவங்க சொன்னாங்க டீச்சர். வருஷக்கணக்கா."

அவள் தீயைச் சற்றே குறைத்தாள்.

"ரோட்டுல மறிச்சுக் கேலி பண்றாங்கன்னு மேட்டு வழியா நடக்க ஆரம்பிச்சா. தனியா வர்றாளேன்னு பயந்து நாந்தான் போன் வாங்கிக் குடுத்தேன். அது வழியா எங்க வீட்டுக்குள்ளயே வந்துட்டாங்க. அவ சாப்பிடறப்ப வந்தாங்க, படுக்கறப்ப வந்தாங்க. அவ பேர்லயும் போட்டோவுலயும் இவங்களே இன்னொரு நம்பர் வச்சிருந்தாங்க. நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி அதுலேர்ந்து அவ மாதிரியே திக்கித் திக்கிப் பேசி கிளாஸ் குரூப்புக்கு அனுப்புவாங்க. பள்ளிக்கூடம் விட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கதவைச் சாத்துனா போதும்னு நெனச்சேன். போனுக்கு ஏது டீச்சர் கதவு?"

"அப்புறம்?"

"மழையில மேட்டுமண்ணு உள்வாங்கிருச்சு. பழைய குழிக்குள்ள விழுந்துட்டா. எனக்குப் போன் பண்ணியிருக்கா, சந்தை இரைச்சல்ல காதுல விழல. அப்புறம் அந்தக் குரூப்புல பேசி அனுப்பியிருக்கா. 'கு... குழிக்குள்ள இருக்கேன், யா... யாராச்சும் வாங்க'ன்னு."

"யாரும் கேக்கலையா?"

"எல்லாரும் கேட்டாங்க." அவள் கரண்டி நின்றது. "இன்னைக்குக் குரோவர் பின்னிட்டான்டான்னு சிரிச்சாங்க. வேற எவனோ பேசியிருக்கான்னு குரோவர் சிரிச்சான். எல்லாரும் ஒரே பதில்தான் அனுப்பினாங்க. அதே உ... உ... உள்ளேன்."

கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவியைக் காற்று கலைத்துவிட்டது. கிண்ணத்தை அப்படியே வண்டிமேல் வைத்தேன்.

"சங்கத்துக்காரங்க திங்கக்கிழமை அவ பேரையும் சேத்துக் கூப்பிடறோம்னாங்க. வேண்டாம்னுட்டேன்" என்றாள் சபினா. "சொன்னது போதும். இனி யாரும் அவளுக்காகச் சொல்ல வேண்டாம்."

மறுநாட் காலை பதினொன்றாம் வகுப்பில் பெயர்களை அழைத்தபோது என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. குடும்பப் பெயரின் அகர வரிசையில் விரைவிலேயே என் மகளின் பெயர் வந்துவிடும்.

"நைரா கொந்தார்க்கோ."

"உ... உ... உள்ளேன்."

நைரா வாயைத் திறந்தவாறே அமர்ந்திருந்தாள். பதில் அவள் நாவின் நுனியில் இருந்தது. அதை வேறொருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அன்று மதியம் வீட்டில் கிழங்குச் சூப்பு ஆறிக்கொண்டிருக்க, நான் கையை நீட்டினேன்.

"போனைக் குடு."

"எதுக்கும்மா?"

"குடு, நைரா."

வகுப்புக் குழுவில், நாங்கள் அவ்வூருக்கு வந்த முதல் நாள் மாலையில், என் மகளின் எண்ணிலிருந்து ஒரு குரற்பதிவு சென்றிருந்தது. அதைத் தொட்டேன். நைராவின் தெளிந்த குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, திக்குவதாக நடித்தது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

"யெனி சொன்னாம்மா" என்று அவள் அழுதாள். "புதுசா வர்றவங்க எல்லாரும் இதைச் சொல்லி அனுப்பணுமாம். அப்பத்தான் சேத்துப்பாங்களாம். யாரோ காமெடியாப் பேசுனதுன்னு நெனச்சேன். செத்துப்போன பொண்ணுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

நான் தலைமையாசிரியரிடம் சென்றேன். உகார்தே பொறுமையாகச் செவிமடுத்தார்.

"போனை வகுப்புக்குள்ள தடை பண்ணியாச்சு. அதுக்கு வெளியில நடக்கறது வீட்டுப் பொறுப்பு."

"அது வகுப்புலதானே ஐயா ஆரம்பிச்சுது?"

"வகுப்புல நடந்தது விளையாட்டு. பசங்கன்னா அப்படித்தான்."

"வகுப்புல நடந்தது விளையாட்டு, போன்ல நடந்தது வெளியில. அப்ப அந்தப் பொண்ணு எங்கதான் ஐயா செத்தா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த நாள் நான் நைராவின் பெயரை அழைக்கவில்லை. பார்த்துப் பதிந்துகொண்டு வெளியேறினேன். ஆனால் நான் நடைவழியின் பாதியைக் கடப்பதற்குள், கணித ஆசிரியர் அவளைக் கரும்பலகைக்கு அழைக்கும் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"நைரா, வா. இதைப் போடு."

தொடர்ந்து அந்தக் குரலும் கேட்டது.

அது இரண்டாம் முறை.

பள்ளி விட்டதும் நேராகச் சபினாவிடம் சென்றேன். மண்டியிடாத குறையாக வேண்டினேன்.

"அக்கா, உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க. வகுப்புக்கு ஒரு தடவ வந்து கூப்பிடுங்க. என் பிள்ளை தெரியாமப் பண்ணிட்டா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் பகை இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் கூப்பிட்டா என்ன ஆகப் போகுது, டீச்சர்? எனக்கு அவ எப்பவும் பதில் சொன்னவதான். இங்கதான் அவளைச் சொல்ல விடல. யாராச்சும் ஒருத்தர் கூப்பிட்டுட்டு, அவ முடிக்கற வரைக்கும் நின்னிருந்தா..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

மறுநாட் காலை வகுப்பின் கதவைச் சாத்தினேன். பிள்ளைகளின் போன்களையெல்லாம் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"நான் ஒரு பேரைக் கூப்பிடப் போறேன். எவ்வளவு நேரமானாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. இருமக் கூடாது. புரிஞ்சுதா?"

யெனி தலையசைத்தாள். நைரா தன் இரு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுக்கப்பட்டிருந்த பெயரின்மேல் விரலை வைத்தேன்.

"சுல்மா வராச்சி."

அமைதி.

கூரைத் தகடுகள் வெயிலில் விரிந்து ஒலித்தன. எவனோ எச்சில் விழுங்கினான். மழை பெய்து பல மாதங்களாகியிருந்த அந்த வறண்ட மலைப்பரப்பில், ஈர மண்ணின் வாடை மெல்ல எழுந்து வகுப்பறையை நிரப்பியது.

சுவரோரப் பெஞ்சின் மரம் கிரீச்சிட்டது.

யாரோ அமர்வதைப் போல.

பிறகு ஒரு மூச்சு உள்ளிழுக்கப்பட்டது. ஆழத்திலிருந்து, பெரும் பாரத்தின் அடியிலிருந்து இழுக்கப்படும் மூச்சு.

"உ..."

நான் காத்திருந்தேன்.

"உ... உ..."

காத்திருப்பது அவ்வளவு கொடியது என்று நான் எண்ணியதில்லை. அந்த ஒலி ஒவ்வொரு முறையும் எழுந்து, முட்டி, சரிந்து விழுந்தது. சரிகின்ற மண்ணில் கைவைத்து ஏற முயலும் ஒருத்தியை மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. என் உதடுகளே அச்சொல்லை நோக்கிக் குவிந்தன. பற்களால் அவற்றைக் கடித்துக்கொண்டேன். பிள்ளைகள் அனைவரும் முன்புறமாகச் சாய்ந்திருந்தார்கள். யெனியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"உ... உள்... உள்..."

இன்னும் சிறிது. இன்னும் சிறிதே.

"உள்ளே..."

"உள்ளேன்."

அந்தச் சொல் கோயில் மணியைப் போலத் தெளிவாக ஒலித்தது.

நைரா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விரிந்த கண்களோடு என்னைப் பார்த்தாள்.

"அவ ரொம்பக் கஷ்டப்பட்டாம்மா" என்றாள் விரல்களுக்கிடையே. "என்னால பாக்க முடியல. அதான்..."

பெஞ்சிலிருந்து, இழுக்கப்பட்ட மூச்சு மெல்லத் திரும்ப வெளியேறியது. மணலில் நீர் இறங்கும் ஓசையைப் போல. பிறகு அங்கே ஏதுமில்லை. அங்கே ஏதுமில்லை என்பதை அனைவரும் உணர்ந்தோம். ஈர மண்ணின் வாடை மட்டும் நகர்ந்து வந்து, என் மகளின் அருகில் நின்றுகொண்டது.

அன்று மதியப் பேருந்திலேயே நாங்கள் அவ்வூரை விட்டுப் புறப்பட்டோம். சபினா தள்ளுவண்டியின் பின்னால் நின்றிருந்தாள். கையசைக்கவில்லை.

இப்போது கொச்சபாம்பாவில் வசிக்கிறோம். அந்நகரத்துப் பள்ளிகள் பலவற்றில் ஏறி இறங்கி, வருகையை எவ்வாறு பதிகிறீர்கள் என்று நான் கேட்டபோது பலர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். இறுதியில், மாணவர்கள் வாசலிலுள்ள கருவியில் கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே செல்லும் ஒரு பள்ளியைக் கண்டுபிடித்தேன். வகுப்பில் அவளைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் வேண்டிக்கொண்டு, அங்கே நைராவைச் சேர்த்தேன். போனை அவளிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன். வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தோளைத் தொடுவேன். பாப்பா என்பேன். பிறர் கேட்டால், பழக்கம் என்று சிரித்து வைப்பேன். அவள் பேசினாள், பாடினாள், குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்தினாள். ஒவ்வொரு முறையும் அது அவள் குரல்தானா என்று கைவேலையை நிறுத்திக் கேட்டேன்.

இன்று காலை அவளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. நெற்றியில் ஈரத்துணி இட்டு உறங்க வைத்துவிட்டு, சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் போன் அதிர்ந்தது. பள்ளியிலிருந்து ஒரு குரற்பதிவு. விடுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றெண்ணித் தொட்டேன்.

கண்காணிப்பாளரின் குரல் இனிமையாக இருந்தது.

"வணக்கம்மா. இன்னைக்குக் கைரேகை மெஷின் ரிப்பேர். அதனால பேர் கூப்பிட்டுத்தான் எடுத்தோம். ஒரு சின்ன விஷயம். உங்க பொண்ணுக்கு இப்படித் திக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே. குரலும் ஒரு மாதிரி கட்டியிருந்துச்சு. பாவம், சொல்லி முடிக்கறதுக்குள்ள மத்த பசங்க சிரிச்சுட்டு அவங்களே சொல்லிட்டாங்க. விளையாட்டுதான், ஒண்ணும் பெருசா எடுத்துக்காதீங்க. வருகை போட்டாச்சு."

பதிவு முடிந்தது. அது மூன்றாம் முறை.

நான் அடுப்பை அணைக்கவில்லை. படுக்கையறைக்கு ஓடினேன்.

நைரா கண்விழித்திருந்தாள். எழுந்து உட்கார்ந்து, தன் கழுத்தை இரு கைகளாலும் பற்றியிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் உதடுகள் அசைந்தன. அவை எந்தச் சொல்லை வடிக்கின்றன என்பது எனக்கு விளங்கியது. ஆனால் அவளிடமிருந்து ஒலி ஏதும் எழவில்லை.

என் கையில், திரை அணைந்துபோன போனுக்குள்ளிருந்து, கோயில் மணியைப் போலத் தெளிவாக, திக்காமல், என் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, தண்ணி."